அர்சேனின் கட்டில் எந்த ஊரில்?

கூர்செனாவில் இருப்பது நூற்று முப்பத்தோரு பேர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊராட்சிக்கு நான்தான் செயலாளர். யார் பிறந்தார், யார் செத்தார், யார் பாசெல் நகரத்தில் வேலை கிடைத்து மூட்டை கட்டினார், எல்லாம் என் பதிவேட்டில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மீட்டர், ஊசியிலைக் காடு, மேய்ச்சல் நிலம், பிஷப் ஆண்ட காலத்து எல்லைக்கற்கள், ஆட்களைவிட அதிகமாக மாடுகள். அவ்வளவுதான் ஊர்.

இதைப் பக்கத்து மோந்திலேயோடு சேர்த்துவிடலாமா என்று நவம்பர் கடைசி ஞாயிறு வாக்கெடுப்பு என்று அறிவித்தார்கள். சேர்ந்தால் வருஷம் முடிந்ததும் ஊர்ப் பெயர் போய்விடும். என் அலுவலகத்துக்குப் பூட்டு.

சின்ன ஊரில் யார் மனசில் என்ன என்பது தெரியாதா? விரல் விட்டு எண்ணினேன். சேரவேண்டும் என்று நாற்பத்தேழு பேர். வேண்டாம் என்று நாற்பத்தாறு பேர், அதற்குமேல் ஊர் எல்லையோரம் தனியாக இருக்கும் பெரியவர் அர்சேன். ஆக, சரிசமம். சரிசமமாக வந்தால் இணைப்பு இல்லை என்பது சட்டம். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அந்த நிம்மதி ஒன்பது நாள்கூட நிலைக்கவில்லை. நில அளவைக்காரர்கள் எல்லையைப் புதிதாக அளந்தார்கள். அர்சேன் வீட்டு நிலவறையில் ஒரு பழைய எல்லைக்கல் அகப்பட்டது. கோடு அந்த வீட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறதாம். சமையலறை கூர்செனாவில், படுக்கையறை மோந்திலேயில். மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: ஒருவர் எங்கே படுக்கிறாரோ அந்த ஊர்க்காரர். இவரை உங்கள் பதிவேட்டிலிருந்து நீக்குக.

எழுபத்தொன்பது வருடம் எங்கள் ஊரில் வாழ்ந்த மனிதரை நீக்குவதா! ஆறு கடிதம் எழுதினேன். ஆறுக்கும் ஒரே பதில் வந்தது, வரி மாறாமல். தொலைபேசியில் பேசிய அதிகாரியோ, "தலையணை எந்தப் பக்கம் இருக்கும்மா?" என்று கேட்டான். ரிசீவரை அவன் தலையிலேயே போடலாம்போல் இருந்தது.

மேயர் வுய்யூமிடம் போனேன். அவர் பன்றிகளுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானே ஸோலாஞ்ச்? கட்டிலைத் தூக்கிச் சமையலறையில போட்டுட்டாப் போச்சு!"

அர்சேனுக்கு மோந்திலேக்காரர்களைக் கண்டாலே ஆகாது. தவளை தின்னிகள் என்றுதான் சொல்வார். கட்டிலை நகர்த்தத் தயங்கமாட்டார் என்று நம்பிக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம்.

"என்ன, ரெண்டு பேரும் படையெடுத்து வந்திருக்கீங்க?" என்றார் அர்சேன்.

"பெரியவரே, உங்க கட்டிலை இந்தப் பக்கம் போடணும். இல்லேன்னா நீங்க தவளை தின்னி ஆயிடுவீங்க" என்றார் மேயர்.

"அப்பன் அந்த அறைக்குள்ளயே உட்கார்ந்து செஞ்ச கட்டில் அது. வாசல்ல நுழையாது."

"கழட்டி மாட்டிடலாம்."

"அந்த அறைச் சுவர்லதான் அடுப்புச் சூடு வரும். என் முதுகுக்கு அதுதான் மருந்து."

"ஊருக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்று நான் கத்தியேவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், குப்பியிலிருந்து பிளம் சாராயத்தை மூன்று கோப்பையில் ஊற்றினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வால்நட் மரக் கட்டில். ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மர முளை. கழற்றுவதற்குள் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தோம். மேயர் கட்டை விரலை நசுக்கிக்கொண்டு பிஷப்பிலிருந்து அளவைக்காரன் வரை எல்லாரையும் திட்டினார். கடைசியில் சாப்பாட்டு மேசைக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே கட்டிலைப் போட்டோம். தலையணையோடு சேர்த்துப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினேன். பத்து நாளில் ஒப்புதல் வந்தது. அன்று நான் அலுவலகத்தில் தனியாகப் பாடினேன், பொய் சொல்லவில்லை.

நவம்பர் கடைசி ஞாயிறு மதியம் வாக்கு எண்ணினோம். முதலில் தபாலில் வந்த வாக்கு உறைகளைத் திறந்தோம். பால்பண்ணை ப்ளேஸ் வழக்கம்போல உறையோடு வைக்கும் வாக்காளர் அட்டையில் கையெழுத்துப் போட மறந்திருந்தான். அவன் வாக்கு செல்லாது. இணைப்புக்காக வீடு வீடாகப் பேசிய ஆள்! எதிரணியில் ஒன்று குறைந்துவிட்டது. அர்சேனும் இருக்கிறார், இனி ஜெயித்தோம் என்றே நினைத்தேன்.

சேர வேண்டும் நாற்பத்தேழு. வேண்டாம் நாற்பத்தாறு.

மூன்று முறை எண்ணினோம். மேயர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ப்ளேஸ் செல்லாமல் போன பிறகு அந்த நாற்பத்தேழாவது ஆள் யார்?

நேராக அர்சேன் வீட்டுக்கு நடந்தேன். கட்டிலில் உட்கார்ந்து, குளிர்பெட்டி மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"நீங்களா?"

"நான்தான்."

"ஏன் பெரியவரே? தவளை தின்னிகளோட சேரணும்னா?"

"ஆறு வாரமா இந்தச் சனியன் பெட்டி காதுக்குள்ள உறுமுது. முதுகு விறைச்சுப் போச்சு. ரெண்டு ஊரும் ஒண்ணாயிட்டா, என் கட்டில் எங்க கிடந்தா எவனுக்கென்ன? ஒரு பய கோடு போட்டுக்கிட்டு வரமாட்டான்ல?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ கேட்டியா? கட்டிலத்தான கேட்ட. குடுத்தேன்."

அவரை மேலிடம் சொன்னபடி பதிவேட்டிலிருந்து நீக்கியிருந்தால் நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு. ஊர் பிழைத்திருக்கும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். ஊரில் ஒவ்வொருவர் மனசையும் எண்ணியவள், இவரை மட்டும் வெறும் எண்ணாகவே பார்த்துவிட்டேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதேன்.

அவர் ரொட்டியை முடித்தார், கையைத் துடைத்தார், மெத்தையைச் சுருட்டித் தரையில் வைத்தார். பிறகு மர முளைகளைத் தட்டும் சுத்தியலை என் பக்கம் நீட்டினார்.

"வருஷக் கடைசி வரைக்கும் நீதானே செயலாளர்?"

"ஆமா."

"அப்ப வா. கட்டில் பழைய அறைக்கே போகட்டும். தலமாட்டை நீ பிடி."

பிடித்தேன்.