கோரை மூடிய படகு

அண்ணா மல்லாந்து படுத்ததும் கெவின் அவருடைய நெஞ்சின்மேல் கோரைப்புல்லைப் பரப்பினான். தட்டையான படகு. தண்ணீருக்கு மேலே நாலு விரற்கடைதான் தெரியும். விளிம்பெல்லாம் புல் கட்டி, சுற்றிவரப் பிளாஸ்டிக் தாரா வாத்துகளை மிதக்கவிட்டால், மேலே பறக்கும் காட்டுத் தாராக்களுக்கு அது ஏரியில் ஒரு புல்மேடு. கெவினின் தகப்பன் காலத்து வேட்டை முறை. ஒரு படகில் துவக்கோடு கெவின். முப்பது மீட்டர் தள்ளி மற்றதில் அண்ணா. அவர் கையில் பிளாஸ்டிக் தாராக்களை அசைக்கும் கயிறு மட்டும். விழுகிற பறவைகளைப் பொறுக்க நான், கரையோரம் ஒரு தகரப் படகில்.

கெவின் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். தாரா தாழத்தான் வரும், தாழத்தான் சுடுவேன், நான் சொல்லும்வரை எழும்பாதே. அண்ணா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அவரை இதற்கு இழுத்துவந்தவள் நான். கெவின், அண்ணா வேலை செய்யும் டயர் ஃபக்டரியில் போர்மன். இரண்டு வருடமாகக் கஷுவலாக இருக்கும் அண்ணாவை நிரந்தரமாக்க அவன் வாய் திறக்க வேண்டும். வேட்டைக்குக் கூப்பிட்டபோது, தனக்கு வெடிச்சத்தம் ஒத்துவராது என்றார் அண்ணா. நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இங்கே உள்ளவர்களோடு பழகாவிட்டால் சாகும்வரை டயர் உருட்ட வேண்டியதுதான் என்று கத்தினேன். பயந்தாங்கொள்ளி என்றும் சொன்னேன். எண்பத்தாறிலேயே அம்மாவோடு விமானத்தில் இந்த நாட்டுக்கு வந்தவளுக்கு அப்படிச் சொல்வது சுகம். அண்ணா தொண்ணூற்றுமூன்றில், போருக்குள், நேவி சுடச்சுடக் கிளாலிக் கடலைப் படகில் தாண்டியவர். அதில் இருபது பேர் ஏறினார்கள் என்று தெரியும். எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அவர் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

விடிந்ததும் மறுகரை வேட்டைக்காரரின் முதல் வெடி. பிறகு கெவினுடையது. அண்ணாவின் படகு அசையவில்லை. பார், ஒன்றுமில்லையே என்று மனதுக்குள் அவரோடு வாதாடினேன். அப்போதுதான் மோட்டார்ப் படகின் இரைச்சல் கேட்டது. வேட்டைக்காரரின் லைசன்ஸ் பார்க்கும் அதிகாரிகள் வருவார்கள் என்று கெவின் என்னிடம் சொல்லியிருந்தான். நான் அதை அண்ணாவிடம் சொல்ல மறந்துபோனேன்.

இரைச்சல் நெருங்கியது. கோரைப்புல் சரிய, அண்ணா எழுந்து நின்றார். இரண்டு கையும் மேலே. வலக்கையில் கார் லைசன்ஸ் அட்டை, சோதனைச்சாவடியில் காட்டுவதுபோல.

ஏழெட்டுத் தாராக்கள் தாழ வந்தன. கெவினின் கண் அவற்றில்தான். துவக்கின் முனை அவற்றைத் துரத்திக்கொண்டு அண்ணாவின் பக்கம் திரும்பியது. நான் வீரிட்டேன். வெடித்தது. கடைசி நொடியில் அவன் முனையை உயர்த்தியிருக்க வேண்டும். சன்னங்கள் எங்கோ தூரத் தண்ணீரில் பொலபொலவென்று விழுந்தன. கெவின் கெட்ட வார்த்தையால் படுக்கச் சொல்லிக் கத்தினான். மறுகரைக்காரர் இன்னும் எங்கள் பக்கமாகவே சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, படுங்கோ. இது நேவி இல்லை."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த பயம் அவருக்காக இல்லை, எனக்காக என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒளிச்சிருந்தா இயக்கமெண்டு சுடுவாங்கள். சனமெண்டு தெரியட்டும். எழும்பு யோகா. கையைத் தூக்கு."

"படுங்கோ அண்ணா."

"நீ முதல் எழும்பு."

இன்னொரு வெடி. எங்கள் தலைக்கு மேலே எதுவோ விர்ரென்று போனது. நான் துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்தேன். தகரப் படகு ஆடியது. கைகளைத் தூக்கினேன். அண்ணா அப்போதும் படுக்கவில்லை.

மோட்டார்ப் படகு வேகம் குறையாமல் வந்தது. அதில் செம்மஞ்சள் அங்கி போட்ட ஒருவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் கூப்பிடுகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, தானும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினான்.

அண்ணா, தூக்கிய கைகளை இறக்காமலே, கண்களை மூடிக்கொண்டார்.