முப்பது விநாடிப் படையல்

சுகுமாரன் கேமரா வாங்கிய நாளிலிருந்து அவன் வீட்டில் பழங்கள் எல்லாம் வயசாகித்தான் செத்தன. தம்புனில் வாங்கிய பொமெலோ ஒரு வாரம் கறுப்புத் துணிமேல் கொலுவிருந்தது. மனைவி துளசி குழம்புக்குக் கத்தரிக்காயை எடுக்கப் போனால், "தொடாத, இன்னும் போகஸ் பண்ணல" என்று அலறுவான்.

எல்லாம் ஈப்போவில் அவன் சேர்ந்த நிழற்படக் கழகத்தின் தலைவர் சிவபிரகாசம் ஐயா செய்த வேலை. உடம்பெல்லாம் பை வைத்த சட்டை போட்டு, அதில் ஒரு பையில் மட்டும் புளிப்பு மிட்டாய் வைத்திருப்பவர் அவர். "ஆட்டோவில் எடுப்பவன் பயணி. மேனுவலில் எடுப்பவனே ஓட்டுநர்" என்று முதல் வகுப்பிலேயே அருளினார். வகுப்பு முடிந்ததும் மருமகன் காரில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அன்றிலிருந்து சுகுமாரன், கேமராவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆட்டோ பக்கமே போகவில்லை. கழகத்தின் 'அசையாப் பொருள்' படப் போட்டிக்குப் பொமெலோவைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் மாமனார் அப்பாவுவின் வருஷப் படையல் வந்தது.

காம்பார் பக்கத்துத் தாமானில், வரிசை வீடுகளில் ஒன்று, துளசியின் தம்பி ரூபனின் வீடு. அப்பாவு ஆயுசுக்கும் ரப்பர்ப் பால் மரம் வெட்டிய தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, அவர் போன பிறகுதான் இங்கே வந்தார்கள். மாமியார் மங்களத்துக்குக் காலையிலிருந்து ஒரே கவலை.

"இந்த வீட்ட அவரு பாத்ததே இல்லையே மாப்ள. வழி தெரியாம பழைய எடத்துக்கே போயி நின்னாருன்னா?"

"வந்துருவாரு அத்தை" என்றான் சுகுமாரன், இலையில் இருந்த வடையை வெளிச்சம் பார்த்துத் திருப்பி வைத்தபடி.

படையல் அழகாகத்தான் இருந்தது. பின்னால் அப்பாவுவின் படம், முன்னால் குத்துவிளக்கு, இலையில் ஆட்டுக்கறி, கருவாட்டுச் சம்பல், பக்கத்தில் அவருக்குப் பிடித்த ஸ்டவுட் பீர் போத்தல், ஒரு காலிக் கிளாஸ்.

"மூடியத் திறந்து வைங்க" என்றாள் துளசி. கடைசி ரெண்டு வருஷம் அப்பாவுக்குக் கை நடுக்கம். சனிக்கிழமைகளில் ஈப்போவிலிருந்து போய் போத்தலைத் திறந்து கொடுப்பது அவள்தான்.

"ஐயோ வேணாம்லா. விளக்கு வெளிச்சம் அந்த மூடிலதான் விழுது. படத்துக்கு உயிரே அதான்."

துளசி கையிலிருந்த மூடித் திறப்பானை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

படையல் வைத்ததும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர் சாப்பிடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. சுகுமாரனுக்கு அது வசதியாகப் போயிற்று. முன்னிருக்கும் வடையும் பின்னிருக்கும் படமும் ஒன்றுபோலத் தெளிவாக விழ, லென்ஸின் துளையைச் சிறிதாக்கினான். துளை சிறிதானால் வெளிச்சம் குறையும். அதற்கு ஈடாக ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைத்தான். கேமராவை முக்காலியில் நிறுத்தி, டைமரை அழுத்திவிட்டுக் கடைசி ஆளாக வெளியேறினான்.

உள்ளே பீப் பீப் என்றது. பிறகு 'க்ளிக்'.

"எடுத்தாச்சா மச்சான்?" என்றான் ரூபன்.

சுகுமாரன் ஓட்டுநரின் புன்னகை ஒன்றை உதிர்த்தான். க்ளிக் என்றால் படம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு எதைச் சொல்லி விளங்கவைப்பது? க்ளிக்கில் கண் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். மூட இன்னும் நேரமிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து ரூபன் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தான். முதலில் பார்த்தது மங்களம்தான்.

"ரூபா! போத்தலப் பாருடா!"

மூடியைக் காணோம். போத்தல் திறந்திருந்தது, கண்ணாடிக் கிளாஸில் பாதிக்கு நுரை.

"அலாமாக்!" என்றான் ரூபன். "நாம எல்லாம் வெளியதான நின்னோம்?"

"வந்துட்டாரு. வழி கண்டுபிடிச்சு வந்துட்டாரு" என்று மங்களம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். காலையிலிருந்த கவலையின் அழுகை இல்லை அது. துளசி சமையல்கட்டுப் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகுமாரன் கேமராவின் திரையைப் பார்த்தான். வடை, கருவாடு, படம் எல்லாம் ஊசி முனைபோல் தெளிவு. இலைக்கு முன்னால், புகையால் செய்ததுபோல், துளசி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குள்ளே விளக்கு எரிந்தது. ஒரு கை போத்தலில், ஒரு கை அப்பாவின் படத்தில். க்ளிக் கேட்டதும் படம் முடிந்தது என்று நினைத்துப் பின்கதவு வழியாக வந்து, கேமரா கண் மூடுமுன் போயிருக்கிறாள்.

அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

"மச்சான், காட்டுங்க! அப்பா அதுல விழுந்திருக்காரா?" என்று ரூபன் எட்டிப் பார்த்தான்.

மங்களமும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சுகுமாரன் கேமராவை அணைத்தான்.

"விழல. செட்டிங் தப்பாப் போச்சு. எல்லாம் வெள்ளையா எரிஞ்சிருச்சு."

"என்னா மச்சான்! இவ்ளோ நாளு அப்பர்ச்சரு, ஷட்டருன்னு எங்களுக்கே கிளாஸ் எடுத்தீங்க. பேசாம ஆட்டோல போட்டிருக்கலாம்லா!"

"போட்டிருக்கலாம்தான்" என்றான் சுகுமாரன். அந்த வார்த்தை தொண்டையைத் தாண்ட மாமனாரின் ஸ்டவுட்டில் ஒரு வாய் தேவைப்பட்டது.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியில், கோப்பெங் தாண்டி, துளசிதான் ஆரம்பித்தாள். "நெசமாவே எரிஞ்சிருச்சா?"

அவன் காரை ஓரங்கட்டிக் கேமராவை நீட்டினான். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அழிச்சிரட்டா?" என்றான்.

"வேணாம்" என்றவள், "ஆடாம உக்காந்திருந்தா முகம் நல்லா விழுந்திருக்கும், இல்ல?" என்றாள்.

"விழுந்திருக்கும்."

"இத கிளப்புக்கு அனுப்பாதீங்க."

"அனுப்பல."

துளசி கைப்பையைத் துழாவி எதையோ எடுத்து டாஷ்போர்டில் வைத்தாள். ஸ்டவுட் போத்தலின் மூடி. ஓரம் ஒரு பக்கம் வளைந்திருந்தது, அதில் சாயங்கால வெயில் விழுந்து மின்னியது.

"இத எடுத்து அனுப்புங்க" என்றாள். "இது ஆடாது."