தூண்டில் கவ்விய மீன்

2019 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. வானம் மூடிக் கிடந்தது, காற்று இல்லை, ஏரியின்மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி படிந்திருந்தது. பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பதற்கு இதைவிட வாய்ப்பான காலை அமையாது என்பதை ஒற்று அறிந்திருந்தார். அறிந்திருந்தும் அவருடைய வலைப்பை காலியாக இருந்தது. படகுத்துறைத் தராசில் தொங்கியது அவருடைய சகலையின் மீன்.

ஒற்று என்பது பெற்றோர் வைத்த பெயரன்று. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர் அவர். வல்லெழுத்து மிக வேண்டிய இடத்தில் மிகாமல் விட்ட அறிவிப்பு எதுவாயினும், அது அடுத்தவர் கடைப் பலகையே ஆனாலும், சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் நகர்வார். தூண்டிற்காரர் சங்கத்தார் முதலில் அவர் முதுகுக்குப் பின்னால் அப்பெயரைச் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

"நாலு கிலோ நூத்தி இருபது!" என்றார் தலைவர். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். சங்கத்தின் தராசும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. "அடேங்கப்பா, டாக்டரே! இது மீனா, பன்னிக்குட்டியா?"

நின்றவர்கள் எல்லாரும் மீனைப் பார்த்தார்கள். அடுத்து, சொல்லிவைத்தாற்போல், ஒற்றைப் பார்த்தார்கள். படகுத்துறைச் சுவரில் தொங்கிய சாதனைப் பலகையில் பல ஆண்டுகளாக அவர் பெயர் மட்டுமே இருந்தது. பெயருக்கு எதிரே மூன்று கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. ஒற்று முகத்தில் ஒரு புன்னகையை வைத்து, அது வழுவாமல் பார்த்துக்கொண்டார்.

சகலை பல் மருத்துவர். ஒற்றின் மனைவியுடைய தங்கையின் கணவர். தூண்டிலைக் கையில் எடுத்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. அவர் ஈரக் கையால் மீனின் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு விஷயம் சொல்லிடறேன் தலைவரே. கொக்கி வாய்க்குள்ள இல்ல. வெளியே, கன்னத்துல மாட்டியிருந்தது."

"வாய்க்குள்ளயே வேலை பாக்குற ஆளு, மீனை மட்டும் வெளியே புடிச்சிருக்காரே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். சகலை எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். அவரிடம் ஒற்றுக்குப் பொறுக்காதது இதுதான். பிறர் சிரிக்கத் தொடங்கும் முன் அவர் பாதிச் சிரிப்பை முடித்திருப்பார்.

மீனை நீரில் விட்டார்கள். அது சற்று நின்று, வாலை ஒரு முறை அசைத்து, ஒருவரையும் பொருட்படுத்தாமல் போயிற்று.

பிறகு விதியைப் பார்த்தார்கள். பலகையின் தலையிலேயே அது இருந்தது: 'தூண்டில் கவ்விய மீனே எடைக்கு உரியது.' எழுதியவர் ஒற்று.

"இதுக்கு என்னய்யா அர்த்தம்?" என்றார் தலைவர். "மீன் தூண்டிலைக் கவ்வணுமா, தூண்டில் மீனைக் கவ்வணுமா?"

ஒற்றின் காது மடல் சுட்டது. அவர் முதலில் எழுதிக்கொடுத்தது 'தூண்டிலைக் கவ்விய மீனே' என்பதுதான். ஐயுருபும் ஒற்றும் அதனதன் இடத்தில் இருந்தன. பலகை எழுதியவன்தான் வரி அகலம் கொள்ளவில்லை என்று முனகினான். உருபு மறைந்து நின்றாலும் பொருள் விளங்கும் என்று சொல்லி அதை எடுத்துவிட்டவர் இவரே. அன்று முதல் அந்த வாக்கியம் இரண்டு பக்கமும் திரும்பக்கூடிய கதவாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் தள்ளிப் பார்த்ததில்லை.

"உங்க வாக்கியம். நீங்களே முடிவு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க," என்றார் தலைவர்.

"பலகையில என் பேர் இருக்கு. நானே எப்படி…"

"உங்களைவிட நடுநிலையா யார் சொல்லுவா?"

பாராட்டுத்தான். ஆனால், நடு மண்டையில் அடித்ததுபோல் இறங்கியது.

வீட்டுக்கு வந்து தூண்டிற்கோலைச் சுவரில் சாய்த்தார். அவரிடம் இருப்பது ஒரே கோல். நூலைச் சுற்றிவைக்க ஒரே சுருள்பெட்டி. அதன் பற்சக்கரத்துக்கு அவரே எண்ணெய் இடுவார். இரை என்றால் கறுப்பு ரப்பர்ப் புழு. கொக்கியின் முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்து, முன்னால் ஓர் ஈயக்குண்டைக் கோத்து, மூழ்கிய மரங்களின் அடியில் தரையோடு தரையாக நகர்த்துவார். பாஸ் மீன் அப்புழுவை உறிஞ்சி உள்ளிழுக்கும்போது இழுப்பு எதுவும் தெரியாது. நூலின் கனம் ஒரு நொடி குறையும், அவ்வளவுதான். அந்தக் குறைவைச் சுட்டுவிரல் உணர வேண்டும். பலகையில் ஏறிய மீனை அவர் அப்படித்தான் பிடித்தார்.

சகலையிடமோ மூன்று கோல்கள். காந்தத் தடை வைத்த சுருள்பெட்டி. எவ்வளவு மோசமாக வீசினாலும் நூல் குருவிக்கூடாகச் சிக்காது. படகில் ஒரு திரை. ஏரியின் அடிவயிற்றையே அது படம் பிடித்துக் காட்டும். இரையாகக் கட்டும் பொய்மீன்களுக்கென்று தனிப் பெட்டி, பெட்டிக்குள் அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறம். அந்தப் பெட்டியைத் திறக்கும் ஓசை கேட்டாலே ஒற்றுக்கு எரியும். திரை பிடித்த மீன், காந்தம் பிடித்த மீன், குருட்டு அதிர்ஷ்டம் பிடித்த மீன் என்று மூன்று பெயர் வைத்துப் பார்த்தார். எதுவும் நிறைவாக இல்லை.

ஏனெனில் ஒன்று அவருக்கு மட்டுமே தெரியும். இரண்டு பருவமாகவே அவருடைய சுட்டுவிரல் அந்தக் கனக் குறைவை உணர்வதில்லை. விரல் மரத்துவிட்டது. நூல் நீரில் இறங்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து ஒப்பேற்றிவந்தார். பனி மூடிய காலையில் அந்த இடமும் தெரியாது.

"என்னங்க, பாஸ் பிடிக்கப் போயிட்டு ஃபெயிலாகி வந்திருக்கீங்க போல?" என்றாள் மனைவி. "தங்கச்சி போட்டோ அனுப்பியிருக்கா. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா அனுப்புறா. பிள்ளை பெத்தப்பக்கூட இத்தனை போட்டோ அனுப்பலை."

ஒற்று தட்டைத் தள்ளி வைத்தார்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பல்லு வலி."

"பல்லா? நான் வயித்தெரிச்சல்னு நெனைச்சேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் தொலைபேசியை எடுத்தாள். "வீட்டுக்குள்ளயே பல் டாக்டரை வெச்சுக்கிட்டு வலியோட உக்காந்திருப்பாங்களா யாராவது?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் புதன்கிழமை மாலை நாலு மணி என்று முடிவாகிவிட்டது.

செவ்வாயன்றே அவர் தீர்ப்பை எழுதிவிட்டார். அழகான தீர்ப்பு. 'தூண்டில் கவ்விய என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஐயுருபு மறைந்து நிற்கிறது. எனவே தூண்டிலைத் தன் வாயால் கவ்விய மீன் மட்டுமே எடைக்கு உரியது. கன்னத்தில் மாட்டிய மீன் உரியதன்று.' ஓர் எழுத்தையும் அசைக்க முடியாது. கையெழுத்து மட்டும் இடவில்லை. நேரில் விசாரித்துவிட்டு இடுவதே முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விசாரித்தால் அந்த மீன் வெறும் அதிர்ஷ்டத்தில் வந்தது என்பது சகலையின் வாயாலேயே வெளிப்படும். அதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"எங்க வலிக்குது அண்ணே?"

புதன் மாலை, சகலையின் மருத்துவமனை நாற்காலியில் மல்லாந்து கிடந்த ஒற்று, வலப்பக்கத்தைப் பொதுவாகக் காட்டினார். சகலை சிறு கண்ணாடியை நுழைத்துச் சுற்றிலும் பார்த்தார்.

"வலி வலப்பக்கம்ங்கறீங்க. சொத்தை இடப்பக்கம்ல இருக்கு! கடைவாய்ப் பல்லு. நல்ல வேளை, வந்தீங்க."

ஊசி இறங்கியதே தெரியவில்லை. எடுத்த பிறகுதான் அது முடிந்துவிட்டது என்பது விளங்கியது. அந்தக் கையை ஒற்று முதன்முறையாக அருகில் பார்த்தார். பருத்த கைதான், ஆனால், கருவியை விரல்நுனிகளில் வைத்திருந்த விதத்தில் அதற்கு எடையே இல்லை.

"மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும்," என்றார் சகலை.

"அந்த மீன்," என்றார் ஒற்று, நாக்கு தடிக்கும் முன் அவசரமாக. "எப்படி மாட்டிச்சு? திடீர்னு வந்து விழுந்துச்சா?"

"ஐயோ, இல்லண்ணே. தண்ணி இன்னும் ஜில்லுனுதானே கெடக்கு? அந்தக் குளிர்ல அது துரத்தாது. பக்கத்துல வந்து நின்னு பாக்கும். அதனால பொய்மீனை ரெண்டு வெட்டு வெட்டி இழுத்தேன், நிறுத்தினேன். மேலயும் வராம கீழயும் போகாம நடுத்தண்ணில அப்படியே நிக்குற ரகம் அது."

"எவ்ளோ நேரம் நிறுத்தினீங்க?" 'நிறுத்தினீங்க' என்பதில் பாதி எழுத்துகள் ஏற்கெனவே காணாமற்போயிருந்தன.

"எண்ணலை. இப்ப உங்களுக்கு ஊசி போட்டுட்டுக் காத்திருக்கேன்ல, அந்த மாதிரிதான். விரலை நூல்லயே வெச்சிருந்தேன். இழுக்கலை, தட்டலை. சும்மா, நூலோட கனம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு."

ஒற்று கண்ணை மூடிக்கொண்டார்.

கனம் குறைவது. அவர் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. சகலைக்குச் சத்தியமாகச் சொன்னதில்லை. அது எந்தக் கடையிலும் பெட்டியில் வைத்து விற்பதுமில்லை. இந்த மனிதனின் விரலுக்கு அது தானாகவே வந்திருக்கிறது, கேட்காமல், கெஞ்சாமல், இரண்டே ஆண்டில்.

"உடனே மேல தூக்காம பக்கவாட்டுல இழுத்தேன். அதுக்குள்ள அது வாயை எடுத்துட்டுத் திரும்பியிருக்கணும், கன்னத்துல மாட்டிக்கிச்சு. வாயில மாட்டினாத் தலையைத் திருப்பிக் கொண்டு வந்துடலாம். கன்னத்துல மாட்டினா அது இஷ்டத்துக்குத்தான் போகும், இல்லையா? தோலும் மெல்லிசு, கிழிஞ்சுடும். பாசிக்குள்ள பாய்ஞ்சுது. சுருள்பெட்டித் தடையைத் தளர்த்திட்டுப் பெருவிரலால மட்டும் பிடிச்சு, விட்டு, பிடிச்சு… வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம்."

வாயைத் திறந்தார். இரண்டு பஞ்சுருளைகள் உள்ளே போயின.

கன்னத்தில் மாட்டிய நாலு கிலோ மீனைப் பாசியிலிருந்து பெருவிரலால் மீட்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஊரில் முழுமையாக உணரக்கூடியவர் ஒருவரே இருந்தார். அவர் நாற்காலியில் அண்ணாந்து கிடந்தார். அதிர்ஷ்டமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பார். திரையாக, காந்தமாக இருந்திருந்தால் ஏளனம் செய்திருப்பார். இது வேறு. அந்தக் கையை வெட்டி எடுத்துத் தன் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது.

சகலை துளையிடும் கருவியை எடுத்தவர், அதை இயக்காமல் சற்றுத் தயங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க," என்றார். "செல்லாதுன்னே எழுதிடுங்க. உங்க பேரே இருக்கட்டும். எனக்கு இதெல்லாம் ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. உங்களுக்கு அப்படி இல்லையே."

"ஆ," என்றார் ஒற்று. "ஆ ஆ."

"பேசாதீங்க, பஞ்சு விழுந்துடும்."

கருவி சுழன்றது. அவருக்கு வலிக்கவில்லை. மரத்த தாடைக்குள் நிகழ்ந்தது எதுவும் அவருக்குரியதாகவே தோன்றவில்லை. மனத்துக்குள் மட்டும் ஒரு காட்சி விடாமல் ஓடியது: இனி வரும் ஞாயிறுதோறும் படகுத்துறைக்குப் போவார், பலகையில் தம் பெயர் இருக்கும், கீழே சகலை நிற்பார், அடுத்தவர் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்த முகத்தோடு. சாதனையைப் பறிகொடுப்பது ஒன்று. அதைத் தானமாகத் திரும்ப வாங்கிக்கொள்வது இன்னொன்று. அதுவும், தனக்கு இல்லாத விரலை வைத்திருப்பவனின் கையிலிருந்து.

வீட்டுக்கு வந்ததும் செவ்வாய்க்கிழமைத் தீர்ப்பை எடுத்து மறுபடி படித்தார். பிழை இல்லை. அதை நாலாகக் கிழித்தார்.

"வலி எப்படி இருக்கு?" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

"மருந்து இறங்குதுல்ல, அப்படித்தான் இருக்கும்."

புதிய தாளில் எழுதினார். 'தூண்டில் என்பதை எழுவாயாகக் கொள்வதற்கும் இவ்வாக்கியத்தில் இடமுண்டு. அவ்வாறு கொள்ளின், தூண்டில் எங்கே கவ்வினாலும் அம்மீன் எடைக்கு உரியதே. உருபை நீக்கியது என் செயல். அதன் பயனை நானே அடைவது முறையன்று. நாலு கிலோ நூற்றிருபது கிராம் எடையுள்ள மீன் பலகையில் ஏறுக.' கடைசிச் சொல்லில் சற்றுத் தயங்கினார். 'ஏற்றப்படுக' என்று மாற்றலாமா என்று பார்த்தார். பெருந்தன்மையின் சாயல் எங்கேனும் ஒட்டியிருக்கிறதா என்றும் தேடினார்; இல்லை என்று உறுதியான பின்பே கையெழுத்திட்டார்.

காலைவரை காத்திருக்க அஞ்சினார். ஓர் இரவு கிடைத்தால் அவருக்கு மூன்றாவதாக ஓர் இலக்கணம் கிடைத்துவிடும். பாதி முகம் தொங்கியபடியே இரும்புக் கடைக்கு நடந்தார்.

தலைவர் ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டார். "என்னங்க ஐயா, வாய் ஒரு பக்கமாப் போயிருக்கு?"

"பல்லு."

"டாக்டர் கிட்டயா? முடிவு சொல்றதுக்கு முன்னாடியேவா? துணிச்சல்தான் உங்களுக்கு." சிரித்துவிட்டு, "சரி, என்ன எழுதியிருக்கீங்க?" என்றார்.

"ஏத்திடுங்க." மரத்த உதட்டில் அது 'ஏட்டிடுங்க' என்று வந்தது. வாழ்நாளில் முதன்முறையாக ஒற்று தம் உச்சரிப்பைத் திருத்தவில்லை.

தலைவர் ஆணியைக் கீழே வைத்தார். "பெரிய மனசுய்யா உங்களுக்கு. வேற ஒருத்தனா இருந்தா…"

"மனசு கினசெல்லாம் ஒண்ணுமில்ல. எடையை மட்டும் தெளிவா எழுதச் சொல்லுங்க. அதைத் தாண்டணும்ல."

"யாரு? நீங்களா?"

தலைவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். கேலி செய்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஒற்று சுட்டுவிரலைப் பெருவிரலோடு ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். தலைவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். ஒற்று தாளைக் கொடுத்தார்.