இரண்டு பாத்திரம், ஒரே வாசனை

சின்ன வயதிலேயே வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஏன் எதுக்கு'. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலைக்குப் போன பிறகும் அந்தப் புத்தி அவளை விடவில்லை. வருஷா வருஷம் பனிக்காலத்தில் ஒரு சாயங்காலம் கட்டிடத்தின் மற்ற மாடிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, பழச்சாறும் மசாலாவும் சேர்த்த சூடான ரம் பஞ்ச் கொடுப்பாள். ரம்மை ஏன் கடைசியில்தான் ஊற்ற வேண்டும் என்று பார்க்க, ஒரு தடவை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டு, முழு பாட்டிலையும் ஆவியாக்கிய புண்ணியவதி.

இந்த வருஷம் அடுப்பில் இரண்டு பாத்திரம். காரணம் அவளுடைய அண்ணன். பெயிண்டர். குடித்துவிட்டு ஏணியிலிருந்து விழுந்து, கோடை முடிந்த கையோடு குடியை விட்டவன். விட்ட பிறகு இப்போதுதான் முதல்முறையாக நாலு பேர் கூடுகிற இடத்துக்கு வருகிறான். எல்லோரும் பஞ்ச் குடிக்க, அவன் மட்டும் தண்ணீரோடு நின்றால் மனசு நோகுமே என்று அவளுக்குக் கவலை. அதனால் ஒன்றில் ரம். மற்றதில் நிறத்துக்குக் கடுந்தேநீர், தொண்டையில் சுருக்கென்று இறங்க இஞ்சி. ஆப்பிள் சாறு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, பழுப்புச் சர்க்கரை இரண்டிலும் ஒரே அளவு. யார் வந்து மோந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அடையாளத்துக்கு ரம் பாத்திரத்தில் மட்டும் ஓர் ஆரஞ்சு வில்லையை மிதக்கவிட்டு உடை மாற்றப் போனாள். திரும்பி வந்தால் இரண்டிலும் ஆரஞ்சு மிதக்கிறது.

"இதுல யாரு கை வெச்சது?"

கணவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். அவனுக்கு நல்ல ஜலதோஷம். "நான்தான். ஒண்ணு மட்டும் மொட்டையா இருந்துச்சு, அழகா இருக்கட்டுமேன்னு போட்டேன். அடுப்பையும் துடைச்சேன்."

"பாத்திரத்தை எறக்கினீங்களா? எது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு."

"வருஷம் பூரா இந்தப் பக்கமே எட்டிப் பாக்காத மனுஷனுக்கு இன்னிக்குன்னு பாத்து பொறுப்பு வந்திருக்கு."

ருசி பார்த்தாள். மத்தியானம் முழுக்கக் கிராம்பைச் சுவைத்து நாக்கு மரத்துப் போயிருந்தது. கணவனுக்கு இரண்டுமே வெந்நீர். கரண்டியில் எடுத்துத் தீக்குச்சி காட்டினாள். எதுவும் பற்றவில்லை. அண்ணன் தெரியாமல் ஒரு மடக்கு குடித்துவிட்டால் இத்தனை மாதப் பாடும் வீண்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வெளியே வைத்தால் ரம் சேர்ந்தது சீக்கிரம் உறையாதே. இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்து, ஜன்னலுக்கு வெளியே உறைபனியில் வைத்தாள். பிறகு கடை வேலைக்கு வைத்திருக்கும் உருப்பெருக்கி லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அவற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்திலிருந்து உறையுமா, நடுவிலிருந்தா என்று வேறு பார்க்க வேண்டியிருந்தது.

"மச்சான் வர்ற நேரம், நீ ஸ்பூனுக்குக் காவல் காக்கற" என்றான் கணவன்.

வாசல் மணி அடித்தது. அண்ணனேதான், எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். அவன் கோட்டை வாங்கி மாட்டுகிற சாக்கில் அவள் வழக்கம்போல் காலரை மோந்து பார்த்தாள். பெயிண்ட் வாசனைதான். அவன் சமையலறை வாசலோடு நின்றுகொண்டான். கணவன் ஒரு மூடியைத் திறந்து மூடி, அடுத்ததைத் திறந்தான்.

"அதை மூடிடுங்க மாப்பிள்ளை. அதுலதான் இருக்கு."

"எப்படிண்ணா தெரிஞ்சுது? எனக்கே தெரியலையே." கேட்காமல் இருக்க அவளால் முடியுமா?

"கீழ படி ஏறும்போதே ரம் வாசனை தெரிஞ்சுது. திரும்பிப் போயிடலாமான்னு கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன்."

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. "இன்னொண்ணுல இல்லண்ணா. உனக்குன்னே பண்ணேன். வித்தியாசமே தெரியாது."

"அதான் கஷ்டம். இதைக் குடிச்சா கை அடுத்து அதைத்தான் தேடும்." அவன் குரலில் கோபம் இல்லை. "எனக்குத் தனியா ஒரு டீ போடு, பால் ஊத்தி. பாத்தாலே எல்லாருக்கும் தெரியட்டும். அப்பதான் எவனும் ஊத்திக் குடுக்க வரமாட்டான்."

இத்தனை ஏன், எதுக்கு கேட்டவள், உனக்கு என்ன வேண்டும் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. வீட்டிலேயே பெரிய கண்ணாடி டம்ளரைத் தேடி எடுத்து, விளிம்பு வரை டீ ஊற்றிக் கொடுத்தாள்.

கூடம் நிறைந்ததும் மேல்மாடிக்காரர் யாரோ, "என்னங்க, பால் டீயோட நிக்கறீங்க?" என்று கேட்பது சமையலறைக்குக் கேட்டது. அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"விட்டுட்டேங்க" என்றான் அண்ணன், நன்றாகக் காதில் விழும்படி.

ஜன்னலில் வைத்த ஸ்பூன்கள் மறுநாள் காலையில்தான் அவள் நினைவுக்கு வந்தன.