தீத்துட்டேன் சாமி

1

இந்தக் கதை என் கைப்பிழையில் பிறந்தது. 1934-இல் மதுரையில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் குமாஸ்தா; பெயர் சுப்பராமன். ஒரே ஒரு சொல்லைத் தப்பாக எழுதி ஒரு பெண்ணைத் தூக்குமரம்வரை அனுப்பப் பார்த்தேன்.

"வைகையில் வெள்ளம் புரண்ட அன்று..." என்று முதலில் ஆரம்பித்தேன். அன்று வைகையில் மணல்தான் இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

ஒச்சாயி மேற்கே ஒரு கிராமத்துக்காரி. அவள் புருஷன் மலையாண்டி மண்டையில் காயத்தோடு கிணற்றில் பிணமாகக் கிடந்தான். போலீஸ் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது. "மலையாண்டியை என்னம்மா செய்தாய்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அவனையா? தீத்துட்டேன் சாமி. அதுக்குப் பெறகுதேன் நல்லாத் தூங்குனேன்."

நான் எழுதினேன்: "அவனைக் கொன்றுவிட்டேன். அதன் பிறகே நன்றாகத் தூங்கினேன்." நான் வடக்கு மாசி வீதியில் பிறந்தவன். எங்கள் தெருவில் ஒருவனைத் தீர்த்துவிட்டார்கள் என்றால் ஆள் காலி என்று அர்த்தம். அவள் கொச்சையைத் திருத்தி நல்ல தமிழில் எழுதிவிட்டதாக ஒரு திமிர் வேறு.*

(* 'வாசித்துக் காட்டப்பட்டது' என்றும் அடியில் எழுதினேன். வாசிக்கவில்லை. டிபனுக்கு நேரமாகிவிட்டது. கைநாட்டு மட்டும் வாங்கினேன்.)

3

[இங்கே அவளை வர்ணிக்க வேண்டும். "கல்லாய்ச் சமைந்து நின்றாள்; அவள் கண்களில்..." இல்லை. காதில் தண்டட்டி ஆட, எப்போது ஊருக்குப் போகலாம் என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.]

4

செஷன்ஸ் விசாரணையில் அந்த ஒரு வரியை விட்டால் வேறு சாட்சியம் இல்லை. எழுதியவன் என்பதால் எனக்கும் சம்மன். வராந்தாவில் அவள் அண்ணன் நல்லகாமன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எங்களுக்கு என்ன வம்பு சாமி? குடிச்சுப்புட்டு அவளை அம்புட்டு அடி அடிச்சான். ஊர் கூடி, துரும்பைக் கிள்ளிக் குடுத்து அவனைத் தீத்துவிட்டு மூணு மாசமாச்சு."

"தீத்துவிட்டுன்னா?"

"அத்துவிடுறதுதேன். இனிமே நீ புருசன் இல்ல, நான் பொண்டாட்டி இல்லன்னு." என்னை ஒரு மாதிரி பார்த்தான். "படிச்சவுக, இது தெரியாதா?"

கொன்றுவிட்டேன் என்றல்லவா நான் எழுதியிருந்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே கூப்பிட்டார்கள்.

5

இந்தக் கதையின் முதல் வரைவில் கூண்டில் ஏறிக் கர்ஜித்தேன். சுத்தப் பொய். "'கொன்றுவிட்டேன்', இது இவள் சொன்ன வார்த்தைதானா?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். 'ஆம்' என்றால் என் வேலை இருக்கும், அவள் இருக்க மாட்டாள். தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

"இல்லை. நான் போட்ட வார்த்தை" என்றேன். வாசித்துக் காட்டாததையும் சொன்னேன்.

6

மறுநாள் ஜட்ஜ் தீர்ப்பை இங்கிலீஷில் வாசித்தார், அவளுக்குப் புரியவில்லை. வெளியே வந்து அவளிடம், "தீர்ப்பு சொல்லிட்டாங்கம்மா" என்றேன். அவள் முகம் வெளுத்தது.

"என்னையத் தீக்கப் போறாகளா சாமி?"

"ஐயோ, விட்டுட்டாங்க. நீ ஊருக்குப் போகலாம்."

நல்லகாமன் அழுதான். நானும் அழுதேன். அவள்தான் சிரித்தாள். ஒரு வாரத்தில் என் வேலை போயிற்று. ஆனால் அந்த வாரம் முழுக்க நானும் நல்லாத் தூங்கினேன்.

7

அப்படியானால் மலையாண்டி கிணற்றில் விழுந்தது எப்படி? குடிபோதையில் கால் தவறினான் என்று ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒச்சாயி தள்ளிவிட்டாள் என்று இன்னொன்று. இரண்டுமே நன்றாக வந்திருக்கின்றன, அதுதான் பயமாக இருக்கிறது. அவள் சொல்லாததை ஒரு முறை எழுதினேன், போதும்.

வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபின் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.