வெட்டாத முடி

என் கொழுந்தன் பொலிதாஸின் முடி இடுப்பைத் தாண்டிவிட்டது. கடலுக்கு அப்பால் நடந்த சண்டையில் என் கணவர் ஹிப்பாசோஸ் ஓர் ஆற்றங்கரையில் விழுந்தபோது, கொன்றவனைக் கொல்லாமல் முடி வெட்டுவதில்லை என்று எங்கள் பெரிய சாமி ஜீயஸ் பேரில் இவன் சபதம் போட்டான். செத்தவருக்காக முடியை வெட்டிச் சமாதியில் வைத்து அழுவதுதான் எங்கள் வழக்கம். இவன் வெட்டவும் இல்லை, அழவும் இல்லை. கொன்றவன் யாரென்றுகூடத் தெரியாது. ஆனாலும் ஊர் இவனை வீரன் என்று தலையில் வைத்துக் கொண்டாடியது. நானும்தான். அந்த முடி வளர வளர எனக்கு ஆறுதலாக இருந்தது, சொல்ல எனக்கென்ன வெட்கம்.

அறுவடை முடிந்த ஒரு மத்தியானம், கந்தல் உடுத்திய ஒருவன் வந்து எங்கள் அடுப்புச் சாம்பலில் உட்கார்ந்தான். அப்படி அடைக்கலம் கேட்டு உட்கார்ந்தவன் ஜீயஸின் ஆள். அவன் வயிறு நிறையும்வரை பேரோ ஊரோ கேட்கக் கூடாது. நான் கைகழுவ நீர் ஊற்றினேன். பொலிதாஸ் அவனைக் கைபிடித்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்து, தன் பங்குப் பன்றிக்கறியிலேயே நல்ல துண்டாக அறுத்து வைத்தான்.

"சாப்பிடுங்க. பேச்செல்லாம் அப்புறம்."

அவன் தின்ற வேகத்தைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ரொட்டிகூட வைத்தேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அவன் வாயைத் துடைத்த பிறகு பொலிதாஸ் கேட்டான். "இப்ப சொல்லுங்க. எந்த ஊரு, யாரு பெத்த பிள்ளை?"

"பேரு கெப்ரான். ஊரு இப்ப இல்ல, சண்டையில எரிஞ்சு போச்சு. கந்தலைப் பாத்து எடை போட்டுறாதீங்க ஐயா. நானும் ஒரு காலத்துல ஆளுதான். ஆத்தங்கரையில ஒரு மலை மாதிரி ஆளை ஒத்தைக்கு ஒத்தை நின்னு சாய்ச்சேன். பன்னிக்கொம்பு வச்ச தலைக்கவசம். அதுல ஒரு கொம்பு உடைஞ்சு, அந்த இடத்துல வெண்கலத்துண்டு வச்சுச் சிவப்பு நூலால தச்சிருந்துச்சு."

அந்த வெண்கலத்துண்டைத் தைத்தவள் நான். சிவப்பு நூலும் என்னுடையதுதான்.

என் கையிலிருந்த குடம் விழுந்து உடைந்தது. பொலிதாஸின் கை தூணில் சாய்த்திருந்த ஈட்டிக்குப் போனது. போனது அங்கேயே நின்றுவிட்டது. வாசலில் நாய் குரைத்தாலே ஈட்டியைத் தூக்குகிறவன் இவன்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? குத்து!" என்றேன்.

"என் கறி அவன் வயித்துல இருக்கு, அண்ணி."

"உன் அண்ணன் எங்க இருக்காரு? மண்ணுக்குள்ள!"

சபதத்தைக் காப்பவரும் ஜீயஸ், விருந்தாளியைக் காப்பவரும் ஜீயஸ். ஒரே சாமி இரண்டு பக்கமும் நின்றுகொண்டால் மனிதன் எங்கே போவான்? விஷயம் புரிந்த கெப்ரான் நாற்காலியிலிருந்து சரிந்து உயிர்ப்பிச்சை கேட்டு பொலிதாஸின் முழங்காலைக் கட்டிக்கொள்ள வந்தான்.

"காலைத் தொடாதீங்க," பொலிதாஸ் பின்வாங்கினான். "ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கேன்."

மறுநாள் காலை விருந்தாளியை எல்லைவரை கொண்டுபோய் விட வேண்டும். அதுவும் வழக்கம். ஓடையைத் தாண்டிவிட்டால் அவன் யாரோ, நாங்கள் யாரோ. பொலிதாஸ் ஈட்டியோடு கிளம்பியதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. பார்த்தே தீருவது என்று நானும் பின்னால் போனேன். கெப்ரான் முன்னால் நடந்தான். ஓடையைத் தாண்டினான். பொலிதாஸும் தாண்டினான். கெப்ரான் ஓடவில்லை, திரும்பி நின்றான்.

"விருந்தாளியை வெறுங்கையோட அனுப்பக் கூடாது," என்று பொலிதாஸ் அந்த ஈட்டியை அவன் கையில் கொடுத்தான்.

கொடுத்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தான். எதிரிக்கு முதுகு காட்டாதவன் என்று பேரெடுத்தவன்! அண்ணனைக் கொன்ற கையில் இப்போது கூரான ஈட்டி. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கெப்ரான் வெகுநேரம் அப்படியே நின்றான். பிறகு ஈட்டியைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டான்.

"உனக்கென்ன பைத்தியமா? அவன் குத்தியிருந்தா?"

"குத்தட்டும்னுதான் நினைச்சேனோ என்னமோ. தெரியல அண்ணி. நிஜமா தெரியல."

வீட்டுக்குப் போகாமல் நேராக, கடல் தாண்டிக் கொண்டுவந்த சாம்பலைப் புதைத்திருந்த அண்ணனின் சமாதி மேட்டில் போய் உட்கார்ந்தான். "முடியை வெட்டிவிடுங்க," என்றான்.

"சபதம் என்ன ஆச்சு?"

"உடைஞ்சு போச்சு. சாமி தண்டிச்சா தண்டிக்கட்டும். அவனைத் தேடித் தேடியே, அண்ணன் மொகம் எனக்கு மறந்து போச்சு அண்ணி."

ஓங்கி ஓர் அறை விடலாமா என்று இருந்தது. இவன் வீரனா, கோழையா? ஊர் கேட்டால் என்ன சொல்வேன்? ஒன்றும் விளங்காமல், ஆட்டுமயிர் வெட்டும் கத்தரியை எடுத்து வந்து வெட்டத் தொடங்கினேன். முடி விழ விழப் பிடரி தெரிந்தது. வெயில் படாத அந்தப் பிடரி அச்சு அசலாக ஹிப்பாசோஸின் பிடரி.

"அண்ணே," என்று அவன் குலுங்கினான்.

கத்தரி என் கையிலேயே நின்றது. பக்கத்தில் இன்னொரு குரலும் அழுதது. அது என்னுடையது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.