ஒற்றைத் திருவடிக்கு ஒரு வாழ்த்துரை

குகனுக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. அது உள்ளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தே தாரிக் டீ ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, சாவகாசமாகக் காத்திருக்கும். போன வருடம் கிள்ளானில் நடந்த சிறுகதைப் பட்டறையிலிருந்து அது அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பட்டறைக்கு அவன் அம்மா சீதாலெட்சுமியையும் அழைத்துப் போயிருந்தான். கதையே அவளுடையதுதான். கையுறைத் தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போன அன்று, கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலேறும்போது அவளுடைய செருப்பு ஒன்று தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. மற்றதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு போய் வேலை வாங்கி வந்தவள் அவள். குகன் அதை ‘ஒரு செருப்பு’ என்று எழுதினான்.

பட்டறையை நடத்தியவர் எழுத்தாளர் வட்டத் தலைவர் சிவநேசன். தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “தம்பி, இது கதையா, செருப்புக் கடை விளம்பரமா? ஜோடியா குடுத்தாலாவது வாங்கலாம்” என்றார். மண்டபமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பாள். அதற்கு முன்னால் அந்த வேலை கிடைத்த கதையை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றோடு நிறுத்திக்கொண்டாள். தாளை சிவநேசன் திருப்பித் தரவில்லை.

இந்த வருடம் சிவநேசனின் சிறுகதைத் தொகுப்பு வந்தது. பெயர் ‘ஒற்றைத் திருவடி’. கல்லூரித் தமிழ்ப் பேரவைக்கு வந்த பிரதியை முதலில் படித்தவள் அவனோடு படிக்கும் வாணி. படித்துவிட்டு, தலைப்புக் கதையை விரித்துக் குகனிடம் நீட்டினாள்.

தலைப்புக் கதையில் அம்மா அபிராமவல்லி ஆகியிருந்தாள். ரயில் புகைவண்டியாகியிருந்தது. தண்டவாளத்தில் விழுந்தது செருப்பில்லை, காலத்தின் மடியில் விழுந்த பாதுகை. கடைசியில் அபிராமவல்லி சோதியில் கலந்துவிடுகிறாள். வேலை கிடைத்ததா என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

“கிள்ளான் ஸ்டேஷன்ல புகை எங்கடா வருது?” என்றாள் வாணி.

“அவரு வீட்ல இருந்து வந்திருக்கும்.”

“விளையாடாத லா. போலீஸ்ல ரிப்போட் குடு.”

“என்னன்னு? எங்கம்மா செருப்பக் காணோம்னா?”

“அப்ப பேஸ்புக்ல போடு.”

“போட்டா எல்லாரும் சோக மூஞ்சி போடுவாங்க. அவரு பதிலுக்கு ஒரு கவிதை போடுவாரு. நாமதான் படிக்கணும்.”

வழி சிவநேசனே காட்டினார். வெளியீட்டு விழாவின் முதல் பிரதியைப் பெற இருந்தவர் டத்தோ பட்டம் வாங்கிய ஜெயராஜ், கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருப்பவர். இந்த மாதிரி விழாக்களில் டத்தோக்களின் வாழ்த்துரையை டத்தோக்கள் எழுதுவதில்லை, புத்தகத்தையும் அவர்கள் படிப்பதில்லை. இரண்டையும் வேறு யாராவது செய்துவைக்க வேண்டும். சிவநேசன் பேரவைக்குப் போன் போட்டார். செயலாளர் என்ற முறையில் எடுத்தவன் குகன்.

“டத்தோவுக்கு ஒரு வாழ்த்துரை வேணும் தம்பி. என்னைப் பத்தி நானே எழுதினா அடக்கமா இருக்காது பாருங்க. இன்னொரு விசயம், டத்தோ மலாய் ஸ்கூல்ல படிச்சவரு. தமிழ் நல்லாப் பேசுவாரு, எழுத்து தெரியாது. இங்கிலீஸ் எழுத்துல பெருசா அடிச்சுக் குடுத்துருங்க.”

“பெயரைக் கேக்கலியே ஐயா, என் பேரு குகன்.”

“நல்ல பேரு தம்பி” என்றார் சிவநேசன். குரலில் எந்தக் கலக்கமும் இல்லை. திருடியது மட்டுமல்ல, யாரிடம் திருடினோம் என்பதையும் மனிதர் மறந்துவிட்டார். குகனுக்குள் உட்கார்ந்திருந்த கோபம் தே தாரிக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வைத்து உரையைக் கொடுத்தான். சிவநேசன் முதல் பக்கத்தில் கண்ணை ஓட்டினார். முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல ஆனது.

“தமிழை இந்த எழுத்துல பாத்தாலே எனக்குக் கண்ணு கூசுது தம்பி. கொள்கைன்னு ஒன்னு இருக்கில்ல, நான் படிக்க மாட்டேன். நல்லா வந்திருக்கா?”

“உங்களைத் தூக்கி வெச்சிருக்கேன் ஐயா.”

“ரொம்பத் தூக்கலியே?”

“எறங்க முடியாத அளவுக்கு ஐயா.”

“அப்ப சரி” என்று தாள்களை மடித்து உறையில் போட்டார். “அண்ணே, தம்பிக்கு ஒரு வடை வைங்க.”

விழா பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில். அறிவிப்பாளர் வாணி. அம்மாவைக் குகன் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்திருந்தான். “இந்த ஆளோட விழாவுக்கு நான் எதுக்குடா?” என்று கேட்டுக்கொண்டேதான் வந்தாள். சிவநேசன் பட்டு ஜிப்பாவில், வாசனையாக, மேடை நடுவில் இருந்தார். டத்தோ முதல் பிரதியை வாங்கிப் படத்துக்குச் சிரித்துவிட்டு, தாளை விரித்தார். லோரி ஓட்டிய குரல் அது, கடைசி வரிசைக்கும் கேட்டது.

“சிவநேசன் ஐயா மலையைப் போன்றவர், கடலைப் போன்றவர்.” சிவநேசன் கண்ணை மூடித் தலையசைத்தார். “அவருடைய பெரிய மனசுக்கு ஒரு சான்று சொல்கிறேன். இந்த நூலின் தலைப்புக் கதை, கிள்ளான் பட்டறையில் குகன் என்ற மாணவர் எழுதிக் கொடுத்த கதை.”

சிவநேசன் கண்ணைத் திறந்தார்.

“அன்று ஐயா அதைக் கேலி செய்தார். ஆனால் தூக்கி எறிந்தாரா? இல்லை! வீட்டுக்குக் கொண்டுபோய், தன் பெயரைப் போட்டுப் பாதுகாத்து, இன்று அச்சில் ஏற்றியிருக்கிறார். இந்த மனசு யாருக்கு வரும்?”

டத்தோவே கை தட்டினார். டத்தோ தட்டினால் தட்ட வேண்டும் என்பதால் மண்டபமும் தட்டியது. முன்வரிசையில் இருந்த எழுத்தாளர்கள் பாதியில் நிறுத்தி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர்களிலும் சிலர் சிவநேசனின் பட்டறைகளில் தாள் கொடுத்துத் திரும்பக் கிடைக்காதவர்கள்.

“டத்தோ, அது வந்து...” என்று சிவநேசன் பாதி எழுந்தார்.

“உக்காருங்க ஐயா. பாத்தீங்களா எல்லாரும், என்னா அடக்கம்!” என்று டத்தோ அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தொடர்ந்தார். “கதையில் வரும் அம்மா வெறுங்காலோடு போய் வேலை வாங்கியவர். இங்கேதான் இருக்கிறார். சீதாலெட்சுமி அம்மா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.”

அம்மா குகனை முறைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். இந்த முறை தட்டியவர்களுக்கு டத்தோ தேவைப்படவில்லை.

“இன்று விற்கும் ஒவ்வொரு பிரதியிலும், அந்தக் கதைக்கு மேல் ‘கதை: குகன்’ என்று ஐயா தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார். முதல் பிரதி எனக்கு.”

சிவநேசன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். வியர்த்திருந்தாலும் சிரித்தார், அனுபவசாலி. “குகன்... குகன் என் மாணவன். நான் செதுக்கின பிள்ளை.”

“ஆமாங்க ஐயா” என்று மேடையேறிய குகன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான். “செதுக்குங்க.”

டத்தோ பிரதியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த தொகுப்புக்கும் அச்சுச் செலவு டத்தோவுடையது. சிவநேசன் எழுதினார்.

“வரிசையில வாங்க, தள்ளாதீங்க, எல்லாருக்கும் ஐயா எழுதித் தருவாரு” என்று வாணி அறிவித்தாள், கோயிலில் பிரசாதம் கொடுக்கும் குரலில். எழுத்தாளர் வட்டத்தின் வரலாற்றில் புத்தகம் தீர்ந்துபோன முதல் விழா அதுதான். சிலர் படம் எடுத்தார்கள். சிலர், “ஐயா, மை சரியா விழல, இன்னொருவாட்டி” என்று கேட்டு வாங்கினார்கள்.

வரிசையின் கடைசியில் குகன் அம்மாவோடு வந்து நின்றான். சிவநேசன் நிமிராமல், பல்லுக்கு நடுவில் கேட்டார். “இன்னும் என்னடா வேணும் உனக்கு?”

“கொஞ்சம் பெருசா எழுதுங்க ஐயா. அம்மா கண்ணாடி கொண்டு வரல.”